24.5 ஜூலில் 21 ஜூல் எங்கே போனது? ரப்பரில் இயங்கும் பந்து எறிவான்: ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா மகள் மைதானத்தின் அந்தக் கோடியில் போய் நின்றாள். "மாமா, இவ்வளவு தூரம் போதுமா?" என்று அங்கிருந்தே கத்தினாள். இன்னும் கொஞ்சம் பின்னால் போகச் சொன்னேன். என் நோட்டில் 86 மீட்டர் என்று எழுதியிருந்தது. காற்றுத்தடைக்கு ஏதோ கொஞ்சம் கழித்து, அவளை 70 மீட்டரில் நிறுத்தினேன். கயிற்றை இழுத்தேன். பந்து கிளம்பியது, மேலே போனது, இறங்கியது. என் காலடியிலிருந்து 11 மீட்டரில் விழுந்தது.

அவள் அவ்வளவு தூரம் நடந்து வந்து கேட்டாள்: "கணக்கு தப்பா மாமா, ரப்பர் தப்பா?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஆறு வாரம் ஆனது. கருவி செய்வது எப்படி என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. இழுத்து வைத்த ரப்பரில் இருக்கும் ஆற்றல் பந்துக்குப் போய்ச் சேரும் வழியில் எங்கெங்கே கசிகிறது, அதை வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே எப்படி அளப்பது என்பதுதான் விஷயம். ரப்பரைப் பற்றிப் பள்ளியில் நாம் படிப்பது மிகக் குறைவு. ஸ்பிரிங்குக்குச் சொன்னதையே ரப்பருக்கும் பொருத்திவிட்டுப் போய்விடுகிறோம். நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

தேவை என்ன, செய்தது என்ன

அவளுக்கு 13 வயது. பள்ளி கிரிக்கெட் அணியில் ஆடுகிறாள். உயரமாக வரும் கேட்ச் பிடிப்பதில்தான் தடுமாற்றம். ஒருவர் கையால் எறிந்தால் ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு மாதிரி வரும், பத்துப் பந்துக்குள் தோள் வலிக்கும். ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் டென்னிஸ் பந்தைத் திரும்பத் திரும்ப எறியும் கருவி வேண்டும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். உண்டிவில் செய்யும் வேலைதான், ஆனால் கைநடுக்கம் இல்லாமல்.

முதல் வடிவம் இப்படி இருந்தது. மூன்று அங்குல பி.வி.சி. பைப் ஒரு மீட்டர். டென்னிஸ் பந்தின் விட்டம் விதிப்படி 6.54 முதல் 6.86 செ.மீ. வரை இருக்கலாம், ஆகவே பைப்புக்குள் இலகுவாக ஓடும். பைப்பின் இரு பக்கமும் நீளவாக்கில் பிளவு. உள்ளே ஒரு வட்டமான மரக்கட்டை, அதன் குறுக்கே ஒரு போல்ட், போல்ட்டின் இரு முனையும் பிளவு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைகளிலிருந்து பைப்பின் வாய்ப்பக்கம் வரை பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டைகள். கட்டையைப் பின்னுக்கு 50 செ.மீ. இழுத்து, கதவில் போடும் சின்னத் தாழ்ப்பாளில் மாட்ட வேண்டும். தாழ்ப்பாளை மூன்று மீட்டர் கயிற்றால் இழுத்தால் கட்டை விடுபடும். மரச்சட்டத்தின் காலில் இரண்டு மணல் மூட்டை.

86 மீட்டர் எப்படி வந்தது என்றால், பெட்டி தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசைக் கட்டையில் மாட்டி 10 செ.மீ. இழுத்தேன். 2 கிலோ காட்டியது. 10 செ.மீ.க்கு 2 கிலோ என்றால், ஒரு மீட்டருக்கு 196 நியூட்டன். பள்ளியில் ஸ்பிரிங்குக்குச் சொன்ன ஹூக் விதிப்படி, சேரும் ஆற்றல் இந்த எண்ணில் பாதியை இழுத்த தூரத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. 50 செ.மீ.க்கு 24.5 ஜூல். எங்கள் பந்து 58 கிராம். 24.5 ஜூலும் பந்துக்கே போனால் நொடிக்கு 29 மீட்டர், அதாவது மணிக்கு 105 கி.மீ. 45 பாகையில் விட்டால், காற்றே இல்லாத உலகில் 86 மீட்டர்.

இந்த ஒரு பத்தியில் தவறுகள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேகத்தை அளந்த விதம்

விழுந்த தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆற்றலைச் சொல்ல முடியாது, நடுவில் காற்று இருக்கிறது. ஆகவே பந்து வாயைவிட்டு வெளியே வரும் வேகத்தைத் தனியாக அளந்தாக வேண்டும். கைப்பேசியில் நொடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தது. ஒரு நீளமான பலகையில் 10 செ.மீ.க்கு ஒரு கறுப்புக் கோடு போட்டு, பந்து போகும் பாதையை ஒட்டிப் பின்னால் நிறுத்தினோம். கைப்பேசியை நாலு மீட்டர் தள்ளி வைத்தோம். பக்கத்தில் வைத்தால் பந்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடைவெளியே கணக்கைக் கெடுக்கும்.

சில கைப்பேசிகள் 240 என்று எழுதிவிட்டு இடையில் இல்லாத சட்டங்களைத் தானே வரைந்து சேர்த்துவிடும். அதனால் முதலில் ஒரு சோதனை செய்தோம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பந்தைச் சும்மா கீழே விட்டால் தரையைத் தொட 0.45 நொடி ஆகும். 240 சட்டக் கணக்கில் 108 சட்டம். நாங்கள் எண்ணியபோது 108-ம் 109-ம் மாறி மாறி வந்தது. சரி, நம்பலாம். அதேபோல் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்தால் பந்து நீண்ட முட்டைபோல இழுபட்டுத் தெரியும், எந்த விளிம்பை எடுப்பது என்றே தெரியாது. மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் எடுத்த படங்கள்தான் உதவின.

பந்து ஒரு சட்டத்துக்குச் சுமார் 4.6 செ.மீ. நகர்ந்தது. நொடிக்கு 11 மீட்டர். இயக்க ஆற்றல் 3.5 ஜூல்.

24.5 ஜூல் என்று கணக்குப் போட்டேன். கைக்கு வந்தது 3.5. மிச்சம் 21 ஜூலைத் தேடுவதுதான் இனி வேலை.

முதல் கசிவு: அது இருக்கவே இல்லை

ராபர்ட் ஹூக் 1676-ல் தன் விதியை எழுத்துகள் கலைத்த ஒரு புதிராக வெளியிட்டார், 1678-ல் அவிழ்த்துச் சொன்னார்: நீட்சி எவ்வளவோ விசை அவ்வளவு. எஃகு ஸ்பிரிங்குக்கு அது அழகாகப் பொருந்தும். ரப்பருக்கு ஆரம்பத்தில் சிறிது தூரம்தான் பொருந்தும். நான் அந்தச் சிறிது தூரத்தில் எடுத்த ஒரே ஓர் அளவை 50 செ.மீ. வரைக்கும் நீட்டிவிட்டேன்.

இந்த முறை ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் தராசைப் படித்தோம். அவள் இழுக்க, நான் படித்து எழுதினேன். 10-ல் 2.0 கிலோ, 20-ல் 3.2, 30-ல் 4.2, 40-ல் 5.3, 50-ல் 7.0. வரைபடத்தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தால் நேர்கோடு வரவில்லை. முதலில் செங்குத்தாக ஏறி, நடுவில் சோம்பலாகப் படுத்து, கடைசியில் மறுபடி நிமிரும் ஒரு வளைவு. சைக்கிள் டியூபைக் கையால் இழுத்துப் பார்த்தாலே இது தெரியும். முதல் இழுப்புக்கு முரண்டு பிடிக்கும், அப்புறம் இளகிக் கொடுக்கும், ஒரு கட்டத்துக்குமேல் "இனி வரமாட்டேன்" என்று இறுகும்.

காரணம் ரப்பருக்குள் இருக்கிறது. இயற்கை ரப்பர் என்பது மிக நீளமான சங்கிலி மூலக்கூறுகள், நூல்கண்டு சிக்கியதுபோல் சுருண்டு கிடப்பவை. சார்லஸ் குட்இயர் 1839-ல் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, இந்தச் சங்கிலிகளை ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட வழி கண்டார். அந்த முடிச்சுகள் இருப்பதால்தான் இழுத்தால் பிய்ந்துபோகாமல் திரும்பி வருகிறது. இழுக்கும்போது சுருள்கள் நிமிர்கின்றன. பெரும்பகுதி நிமிர்ந்த பிறகு, மேலும் இழுக்க இடமில்லாமல் இறுகுகிறது. எஃகில் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பே நீள்கிறது. ரப்பரில் சங்கிலியின் ஒழுங்கு மாறுகிறது. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடைப்பது சரியில்லை.

வளைவுக்குக் கீழே உள்ள பரப்புதான் சேர்ந்த ஆற்றல். வரைபடத்தாளில் கட்டங்களை எண்ணினாலும் சரி, பட்டை பட்டையாகக் கூட்டினாலும் சரி, 17.8 ஜூல் வந்தது. ஆக 6.7 ஜூல் என் நோட்டில் மட்டுமே இருந்தது, ரப்பரில் ஒருநாளும் இருந்ததில்லை.

இதில் ஒரு வசதியைக் குறிப்பிட வேண்டும். பட்டை எத்தனை கோணத்தில் வருகிறது, பட்டை எவ்வளவு நீள்கிறது என்றெல்லாம் நாங்கள் கவலைப்படவே இல்லை. பந்தைத் தள்ளும் இடத்திலேயே கொக்கியை மாட்டி, அந்த இடம் நகர்ந்த தூரத்துக்கு எதிராக விசையைப் படித்தால் போதும். வடிவியல் கணக்கு முழுவதும் அந்த அளவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இரண்டாவது கசிவு: தயக்கம்

இழுக்கும்போது படித்தோம், விடும்போது யார் படிப்பார்கள்? அவளுக்குத்தான் இது தோன்றியது. தராசைக் கழற்றாமல் 50-லிருந்து மெல்ல மெல்ல பின்வாங்கிக்கொண்டே படித்தோம். 40-ல் 4.1 கிலோ. போகும்போது அதே இடத்தில் 5.3 இருந்தது. 30-ல் 3.0, 20-ல் 2.1, 10-ல் 1.1. தராசு கெட்டுவிட்டதோ என்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுச் சோதித்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் வளைவு, போன வளைவுக்குக் கீழேயே தொங்குகிறது. அதன் பரப்பு 13.5 ஜூல். 17.8 ஜூல் வாங்கிக்கொண்டு 13.5 மட்டும் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டு வளைவுக்கும் நடுவில் இலைபோல் ஒரு வடிவம் வரும். அந்த இலையின் பரப்புதான் வெப்பமாகத் தொலைந்த 4.3 ஜூல். வாங்கியதை முழுதாகத் திருப்பித் தராத இந்தக் குணத்துக்குத்தான் தயக்கம் என்று பெயர். மேல்நிலைப் பாடத்தில் காந்தத் தயக்கம் என்று ஒரு கண்ணி வரைந்திருப்போமே, இது அதன் உறவுதான்.

ரப்பரும் வெப்பமும் நெருங்கிய சொந்தம். ஒரு அகலமான ரப்பர் பேண்டை எடுத்து மேலுதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே அரை நிமிடம் இழுத்துப் பிடித்து, பிறகு சட்டென்று தளர்த்தினால் குளிரும். இங்கிலாந்தின் ஜான் காஃப் 1805-ல் இதைப் பதிவுசெய்தார். சிறுவயதிலேயே அம்மையில் பார்வை இழந்தவர் அவர், உதட்டின் உணர்வையே கருவியாக்கிக்கொண்டார். ஜூல் 1859-ல் இதைத் துல்லியமாக அளந்து உறுதிசெய்தார். யார் பெயரில் நாம் ஆற்றலை அளக்கிறோமோ அதே ஜூல்.

இந்த உதட்டுச் சோதனை கருவிக்கு ஒரு நேரடிப் பாடம் தருகிறது. இழுத்து மாட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தால், இழுத்ததில் உண்டான சூடு காற்றில் போய்விடும், சங்கிலிகளும் மெல்ல நழுவி இடம் மாற்றிக்கொள்ளும். கடைசி வடிவத்தில் இதைச் சோதித்தோம். இழுத்த உடனே விட்டால் நொடிக்கு 18 மீட்டர். ஒரு நிமிடம் மாட்டி வைத்து விட்டால் 17.2. ஐந்து ஐந்து முறை போட்டுப் பார்த்தோம், இந்த வித்தியாசம் மாறவில்லை. ஒரே மாதிரி கேட்ச் வேண்டுமென்றால், மாட்டிய பிறகு எத்தனை நொடியில் விடுகிறோம் என்பதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மூன்றாவது கசிவு: பந்தோடு சேர்ந்து ஓடியவை

இதுதான் மிகப் பெரியது, நான் நினைத்தே பார்க்காததும் இதுதான்.

ரப்பர் பந்தை மட்டும் தள்ளுவதில்லை. மரக்கட்டையையும் தள்ளுகிறது, தன்னையும் தள்ளிக்கொள்கிறது. கட்டையும் போல்ட்டும் நட்டும் சேர்த்து 85 கிராம். பந்தைவிட ஒன்றரை மடங்கு கனம். பட்டைகள் 120 கிராம். பட்டையில் எல்லா இடமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பைப்பின் வாயில் கட்டிய முனை அசைவதே இல்லை, கட்டைப் பக்கத்து முனை பந்தின் வேகத்தில் ஓடுகிறது, நடுப்பகுதி பாதி வேகம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், எல்லாவற்றையும் கூட்டினால் பட்டையின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு பந்தோடு ஓடுவதாகக் கொள்ளலாம். இங்கே 40 கிராம்.

மொத்தம் ஓடுவது 58-ம் 85-ம் 40-ம் சேர்த்து 183 கிராம். எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதால் ஆற்றல் நிறைக்கேற்பப் பிரியும். 13.5 ஜூலில் கட்டைக்கு 6.3, பட்டைக்கு 2.9, பந்துக்கு 4.3. கட்டை எடுத்துக்கொண்ட 6.3 ஜூல் எந்தக் கேட்சுக்கும் உதவவில்லை. பைப்பின் வாயில் கட்டிய தடுப்புக் கயிற்றில் மோதி அங்கேயே முடிந்தது.

அது அங்கே என்ன செய்தது என்பதை ஏழாவது நாள் பார்த்தோம். பந்து வைக்க மறந்து தாழ்ப்பாளை இழுத்துவிட்டேன். பந்தின் பங்கும் சேர்ந்து கட்டைக்கும் பட்டைக்குமே போனது. "டப்" என்று ஒரு சத்தம். பைப்பின் வாயில் விரல் நீளத்துக்கு விரிசல், போல்ட்டின் நட்டு தெறித்துப் போய் எதிர்ச்சுவரில் காரையைப் பெயர்த்திருந்தது. இருவரும் பின்னால் கயிற்றின் நீளத்துக்குத் தள்ளி நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து வெறும் கருவியை விடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கண்ணுக்குக் கண்ணாடி, கருவிக்கு முன்னாலும் பட்டைகளுக்கு நேர் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, இழுத்து மாட்டிய உடன் தாழ்ப்பாளுக்கு ஒரு குறுக்கு ஆணி. பட்டை அறுந்தால் அது பின்னோக்கியும் அடிக்கும் என்பதைச் செய்பவர்கள் மறக்கவே கூடாது.

ஒன்றை மட்டும் மாற்று

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட ஆசையாகத்தான் இருந்தது. அப்படிச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஆகவே முதலில் கட்டையை மட்டும் எடுத்தோம். பழைய பள்ளிப்பையின் கான்வாஸ் வாரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இரு முனையிலும் பட்டையைக் கட்டினோம், உண்டிவில்லின் தோல்போல. எடை 12 கிராம். கட்டை இல்லாததால் பைப்பும் தேவையில்லை. விரிசல் விட்ட பைப்பைக் கழற்றிவிட்டு, வயரிங்குக்குப் போடும் இரண்டு பி.வி.சி. குழாய்களைப் பக்கம் பக்கமாகத் தண்டவாளம்போல் வைத்தோம். பந்து அவற்றின் இடுக்கில் உட்கார்ந்து ஓடும். பட்டை அதே பழைய டியூப்.

ஓடும் நிறை 110 கிராம் ஆனது. கணக்குப்படி பந்துக்கு 7.1 ஜூல், நொடிக்கு 15.7 மீட்டர். அளந்தது 14 மீட்டர், 5.7 ஜூல். ரப்பரை ஒரு செ.மீ.கூட அதிகமாக இழுக்கவில்லை, பந்தின் ஆற்றல் 3.5-லிருந்து 5.7-க்கு ஏறியது.

இங்கே ஒரு சின்ன விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. முதல் வடிவத்தில் கணக்கு 4.3 என்றது, கிடைத்தது 3.5, அதாவது நூற்றுக்கு 82. இப்போது கணக்கு 7.1 என்கிறது, கிடைத்தது 5.7, நூற்றுக்கு 80. பைப் போய்த் தண்டவாளம் வந்துவிட்டது, உராயும் இடமெல்லாம் மாறிவிட்டது, குறை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. இரண்டிலும் மாறாமல் இருந்தது ரப்பர் ஒன்றுதான்.

நாங்கள் தராசில் மெதுவாகத் தளர்த்திப் படித்தோம். கருவியில் அந்தத் தளர்வு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் முடிந்துவிடுகிறது. மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும் ரப்பர், அவசரப்படுத்தினால் அவ்வளவும் கொடுப்பதில்லை. டியூபில் பியூட்டைல் என்று அச்சிட்டிருந்தது, அது ஒரு வகைச் செயற்கை ரப்பர். பியூட்டைல் ரப்பரின் சங்கிலியில் பக்கவாட்டில் மெத்தில் கொத்துகள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் துண்டுகள் அசைவதில் மந்தமானவை. காற்று மூலக்கூறுகள் அதற்குள் புகுந்து வெளியேறச் சிரமப்படுகின்றன. வாரக்கணக்கில் டியூபில் காற்று நிற்பதற்கு அதுதான் காரணம். சைக்கிளுக்கு வரமாக இருக்கும் அதே மந்தம் எங்கள் கருவியில் ஆற்றலைத் தின்றது.

ரப்பரை மாற்றியபோது

நாங்கள் இருப்பது நாகர்கோவில். குலசேகரம் பக்கம் போனால் சாலையின் இரு மருங்கும் ரப்பர் மரம், காலையில் பால் வடிய வடியச் சிரட்டை கட்டியிருக்கும், வீட்டு முற்றத்தில் துணி காயப்போடுவதுபோல் ஷீட் காயும். அந்தப் புளித்த வாசனையில் வளர்ந்தவன் நான். இத்தனை வருடம் கழித்து, நல்ல ரப்பர் எது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

உடற்பயிற்சிக்கு விற்கும் இயற்கை லேட்டக்ஸ் குழாய் வாங்கினோம். மாற்றுவதற்கு முன் அவள் ஒரு சோதனை செய்தாள். டியூப் பட்டை ஒன்று, லேட்டக்ஸ் ஒன்று, இரண்டையும் ஜன்னல் கம்பியில் கட்டி, அரை லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு, கீழே இழுத்து விட்டாள். டியூப் பட்டையில் பாட்டில் ஆறேழு முறை ஆடி அடங்கியது. லேட்டக்ஸில் இருபதைத் தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தது. தராசும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். எந்த ரப்பர் வாங்கிய கடனைத் திருப்பித் தரும் என்பது கண்ணுக்கே தெரிகிறது. ரப்பர் வாங்கப் போகும் யாரும் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

புது லேட்டக்ஸைக் கட்டியதும் உடனே அளக்கக் கூடாது. முதல் முறை முழு தூரம் இழுத்தபோது 7.6 கிலோ காட்டியது, நாலாவது முறை 6.9-ல் நிலைத்தது. புது ரப்பர் முதல் சில இழுப்புகளில் இளகும், அதற்குப் பிறகுதான் அதன் நிரந்தரக் குணம் தெரியும். நிலைத்த பிறகு எடுத்த அளவில் உள்ளே போனது 17.4 ஜூல், மெதுவாகத் திரும்பியது 16. கிட்டத்தட்ட டியூபில் சேர்ந்த அதே அளவுதான் சேர்ந்தது. தொலைந்தது மட்டும் 4.3-லிருந்து 1.4 ஆகக் குறைந்தது. எடையும் 60 கிராம்தான், ஆகவே உடன் ஓடும் சுமை 20 கிராம். மொத்தம் 90 கிராமில் பந்து 58. கணக்குப்படி பந்துக்கு 10.3 ஜூல். அளந்தது நொடிக்கு 18 மீட்டர், 9.4 ஜூல், மணிக்கு 65 கி.மீ.

அதே 50 செ.மீ. இழுப்பு. இழுக்கும் கைக்கு அதே 7 கிலோ. 3.5 ஜூல் போய் 9.4 ஜூல்.

ஒரு சிக்கல் மட்டும் புதிதாக வந்தது. பந்து எப்போதும் வலப்பக்கம் இரண்டு மீட்டர் விலகி விழுந்தது. தண்டவாளத்தை நிமிர்த்தினோம், சட்டத்தை நிமிர்த்தினோம், மாறவில்லை. கடைசியில் இரண்டு குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பார்த்தால், வலப்பக்கத்துக் குழாய் 3 செ.மீ. குறைவாக நீண்டது. முடிச்சுப் போடும்போது கொஞ்சம் நீளம் உள்ளே போயிருக்கிறது. விறைப்பான பக்கம் வாரைத் தன் பக்கமாக இழுத்திருக்கிறது. முடிச்சைத் தளர்த்தி இரண்டும் சமமாக நீளும்வரை சரிசெய்ததும் பந்து நடுவுக்கு வந்தது.

நாலாவது கசிவு: காற்று

இது கருவியின் குறை இல்லை, ஆனால் தூரத்தில் பெரும்பங்கை இதுதான் எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 18 மீட்டரில் 45 பாகையில் கிளம்பும் பந்து, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டதையும் சேர்த்து, காற்றில்லாவிட்டால் 34 மீட்டர் போகும். எங்களுக்கு விழுந்தது 23-ல்.

டென்னிஸ் பந்தின் மேலுள்ள ரோமம் காற்றை நன்றாகப் பிடிக்கும். கிளம்பும் நொடியில் அதன்மீது காற்று கொடுக்கும் எதிர்விசை அதன் எடையில் பத்தில் ஆறு பங்கு இருக்கும். வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதனால்தான் ரப்பரைக் கூட்டிக்கொண்டே போவதில் தூரத்துக்குப் பெரிய லாபம் இல்லை. ஏறும்போது பாதை நீண்டும், இறங்கும்போது செங்குத்தாகவும் இருக்கும். காற்றுத்தடை இருந்தால் அதிக தூரம் தரும் கோணம் 45-க்குக் கொஞ்சம் கீழே நகர்கிறது. எங்களுக்கு 40 பாகையில் போட்டது 45-க்குச் சற்றும் குறையாமல் போனது.

"பந்து லேசாக இருந்தால் இன்னும் தூரம் போகுமா?" என்று கேட்டாள். டேபிள் டென்னிஸ் பந்தை வைத்தோம். 2.7 கிராம்தான். ஓடும் நிறையில் அதன் பங்கு பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை, ஆகவே ஆற்றல் அத்தனையும் வாரிலும் ரப்பரிலுமே தங்கிவிடும். படபடவென்று கிளம்பி, கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதியதுபோல் நின்று விழுந்தது. இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டோம், அது வெறும் கருவியை விடுவதற்குச் சமம். அப்புறம் 160 கிராம் கிரிக்கெட் பந்து. பத்தில் எட்டுப் பங்கு ஆற்றல் பந்துக்கே போனது, ஆனால் கனத்தால் வேகம் நொடிக்கு 13 மீட்டருக்கும் கீழே. 17 மீட்டர் போனது. லேசான பந்து ரப்பரிடமிருந்து ஆற்றலை வாங்கத் தெரியாதது, கனமான பந்து வாங்கியும் மெதுவாகப் போவது. எங்கள் கருவிக்கு டென்னிஸ் பந்து நடுவில் பொருத்தமாக அமைந்தது.

இப்போதைய நிலை

கோணத்தைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக வைத்தால் பந்து 12 மீட்டர், நாலு மாடி உயரம் போகிறது. அவளுக்குத் தேவைப்பட்டது இதுதான். சட்டத்தில் ஒரு பாகைமானியும் அதில் தொங்கும் தூக்குக்குண்டும் கட்டியிருக்கிறோம். பத்துப் பந்து போட்டால் பத்தும் ஒரு பாய் விரிக்கும் இடத்துக்குள் இறங்குகின்றன. முதல் வாரம் பத்தில் மூன்று பிடித்தாள். இப்போது ஏழெட்டு.

கணக்கில் இன்னும் 0.9 ஜூல் பாக்கி இருக்கிறது. 10.3 வர வேண்டியது, 9.4 வருகிறது. லேட்டக்ஸின் அவசரத் தயக்கமா, தண்டவாளத்தின் உராய்வா என்று பிரிக்க, குழாய்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஐந்து முறை போட்டோம். சராசரி 18.2 வந்தது. ஆனால் எங்கள் பலகையில் ஒரு செ.மீ. தவறாகப் படித்தாலே வேகத்தில் 0.2 மாறிவிடும். அதனால் மெழுகால்தான் கூடியது என்று நோட்டில் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு பலகையை இரண்டு மீட்டராக நீட்டி, இருபது முறை மெழுகோடும் இருபது முறை மெழுகில்லாமலும் போடுவதாக இருக்கிறோம். அதற்குப் புதுக் கோடுகளை அவளே வரைந்துகொண்டிருக்கிறாள்.